பின்பக்கம் தொங்கும் பழைய பென்ஸ்: செல்ஃப் லெவலிங் சஸ்பென்ஷனை வீட்டு வாசலிலேயே சரிசெய்வது

பழைய பென்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்தால் மாட்டு வண்டியில் போவது போல இடுப்பு அடி வாங்குகிறது என்று மெக்கானிக்கிடம் சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் "ஷாக் போச்சு சார்" என்பதுதான். சாதாரண வண்டியில் அது சரியாக இருக்கலாம். பாரம் ஏறினாலும் பின்பக்க உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் செல்ஃப் லெவலிங் உள்ள வண்டியில் அநேகமாகத் தப்பு. அங்கே முதலில் சாவது ஷாக் அல்ல, கேஸ் அடைத்த உருண்டை. இது தெரியாமல் பைப்பை அறுத்து, துளையை அடைத்து, சாதாரண ஷாக் போட்டுக் கொடுத்த வண்டிகள் ஊரில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் டிக்கியில் நாலு மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தரையைத் தொடப் பார்க்கும். ஏன் என்று கீழே வரும்.

இந்த வழிகாட்டி டபிள்யூ123, டபிள்யூ124 வகை பென்ஸ்களின் பின்பக்க ஹைட்ராலிக் அமைப்புக்கானது. எஸ்டேட் (ஸ்டேஷன் வேகன்) மாடல்களில் இது கம்பெனியிலிருந்தே வரும். செடான்களில் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் வசதியாக இருந்தது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று அறிய பானெட்டைத் திறந்து பாருங்கள். பவர் ஸ்டியரிங் டப்பா, பிரேக் ஆயில் டப்பா இரண்டையும் தவிர, மூடியோடு அளவுக் குச்சி உள்ள இன்னொரு ஆயில் டப்பா இருக்கும். வண்டிக்கு அடியில் பின் ஷாக்கின் தலைக்கு இரும்புப் பைப் போகும். இரண்டும் இருந்தால் மேலே படியுங்கள்.

எப்படி வேலை செய்கிறது

எஞ்சினால் ஓடும் ஒரு சின்ன பம்ப் டப்பாவிலிருந்து ஆயிலை இழுத்துப் பின்னால் அனுப்புகிறது. சில எஞ்சின்களில் பம்ப் சிலிண்டர் ஹெட்டின் முன்முகத்தில் உட்கார்ந்து கேம்ஷாஃப்டால் சுற்றும். சிலவற்றில் ஸ்டியரிங் பம்ப்போடு ஒட்டிய இரட்டை பம்ப். பின்பக்கத்தில் லெவலிங் வால்வு. அதன் கைப்பிடி ஒரு குட்டிக் கம்பியால் ஆன்டி ரோல் பாரோடு (வளைவில் பாடி சாயாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி) இணைந்திருக்கும். டிக்கியில் பாரம் ஏறி பாடி இறங்கினால் பாரும் கைப்பிடியும் நகரும், வால்வு திறந்து ஆயில் ஷாக்குக்குள் போகும், பாடி எழும். பாரம் இறங்கினால் அந்த ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். பாடி சரியான உயரத்தில் நிற்கும்போது பம்ப் தரும் ஆயில் எந்த வேலையும் செய்யாமல் சும்மா சுற்றி வரும்.

ஒவ்வொரு பின் ஷாக்குக்கும் ஒரு உருண்டை உண்டு. சின்ன தேங்காய் அளவு இரும்பு உருண்டை, உள்ளே குறுக்கே ஒரு ரப்பர் திரை. திரைக்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். ஆயில் அமுங்காது, கேஸ்தான் அமுங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இந்த நைட்ரஜன். வருஷக் கணக்கில் திரை வழியாகக் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், அல்லது திரையே கிழியும். அப்போது உருண்டை முழுக்க ஆயில் நிறைந்து, பின்பக்கம் கல்லாக மாறிவிடும். அடிபட வேண்டிய கேஸ் இல்லாததால் அத்தனை அடியும் ஷாக்கின் சீலுக்குப் போகிறது. அதனால்தான் செத்த உருண்டையோடு ஆறு மாதம் ஓட்டினால் ஷாக்கும் ஒழுகத் தொடங்கும். உருண்டையை மாற்றாமல் ஷாக்கை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும்.

சாதாரண ஷாக்காக மாற்றுவது ஏன் தப்பு? இந்த வண்டிகளின் பின் சுருள் ஸ்பிரிங், செல்ஃப் லெவலிங் இல்லாத மாடலின் ஸ்பிரிங்கைவிட மென்மையானது. பாரத்தில் ஒரு பங்கை ஹைட்ராலிக் சுமக்கும் என்ற கணக்கில் போட்டது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

சமதளத்தில், காலி வண்டியாக, காலையில் எஞ்சின் போடும் முன் பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். பிறகு எஞ்சினைப் போட்டு இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு மறுபடி அளங்கள்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போதே இரண்டு பெரியவர்களை டிக்கி விளிம்பில் உட்கார வையுங்கள். பாடி இறங்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானே மேலே வர வேண்டும். அவர்கள் எழுந்ததும் பாடி சற்று உயர்ந்து, பிறகு மெதுவாக இறங்கிப் பழைய அளவுக்கு வர வேண்டும். இத்தனையும் ஒழுங்காக நடந்தும் ஓட்டும்போது குதிக்கிறதா? பம்ப்பும் வால்வும் நலம், உருண்டை செத்தது. பின் பம்பரை இரண்டு கையால் அழுத்திப் பாருங்கள், அம்மிக்கல்லை அழுத்துவது போல அசையாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டப்பாவில் நுரை தெரிந்தால் கேஸ் ஆயிலில் கலந்திருக்கலாம், அதுவும் உருண்டையைச் சந்தேகிக்க ஒரு காரணம்.

ஆட்கள் உட்கார்ந்தும் பாடி எழவே இல்லை என்றால் எஞ்சின் ஓடும்போது டப்பா மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். திரும்பும் ஆயில் ஓடி வருவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பம்ப் இழுக்கவில்லை: டப்பா காலி, ஃபில்டர் அடைப்பு, உறிஞ்சும் ஹோஸ் வழியே காற்று, கடைசியாகப் பம்ப். ஆயில் ஓடியும் பாடி எழவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி வால்வின் இணைப்புக் கம்பியைப் பாருங்கள். இரண்டு முனையிலும் உள்ள பால் ஜாயின்ட் துருவேறி விட்டுப்போயிருப்பது நம் ஊரில் சகஜம். அப்படியானால் பெரிய செலவில்லை.

காலையில் எடுத்த முதல் அளவு குறைவாக இருந்து, வண்டி ஒரே இரவில் உட்கார்ந்துவிடுகிறது, ஆனால் தரையில் ஆயில் இல்லை என்றால் வால்வு உள்ளுக்குள் ஒழுக்குகிறது. தரையில் ஆயில் இருந்தால் அதன் வழியைப் பிடியுங்கள். ஷாக்கின் ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ஷாக் சீல் போனது, அதை வீட்டில் சரிசெய்ய முடியாது, ஷாக்கைத்தான் மாற்ற வேண்டும். இன்னொரு கள்ளத்தனமான ஒழுக்கு உண்டு. கேம்ஷாஃப்டால் சுற்றும் பம்ப்பில் ஷாஃப்ட் சீல் போனால் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே இறங்கும். வெளியே ஒரு சொட்டு இல்லாமல் டப்பா குறையும், எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். டப்பாவை நிரப்பிக்கொண்டே இருந்தால் எஞ்சின் ஆயில்தான் கெடும்.

ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். டயரில் இருப்பது சுமார் 2 பார் காற்று. இங்கே எஞ்சின் ஓடும்போது அதைப்போல பல பத்து மடங்கு அழுத்தம். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, சில மணி நேரத்தில் விரல் அழுகத் தொடங்கும். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். தோலில் பாய்ந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் நேரே சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் ஆயில் உள்ளே போய்விட்டது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அது அறுவை சிகிச்சை அவசரம்.

சாமான்

உருண்டை இரண்டு, எப்போதும் ஜோடியாக. பழைய உருண்டையைப் புதுப்பேட்டையில் கழற்றிய வண்டியிலிருந்து வாங்குவது காசை எறிவது. மற்ற எந்தப் பாகத்தையும் அங்கே நம்பி வாங்கலாம், இதை வேண்டாம். அலமாரியில் சும்மா இருந்தாலும் கேஸ் கசியும் பொருள் இது. புது உருண்டையிலும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். "கேஸ் அடைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எந்த கேஸ் என்று கேளுங்கள். கம்ப்ரஸர் காற்று என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அழுத்தத்தில் காற்றின் ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும்.

ஆயில் 4 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கழுவி ஊற்றவும் சேர்த்து. பென்ஸ் கம்பெனியின் எம்பி 343.0 என்ற தர எண் ஆயில் கேனில் இருக்க வேண்டும். இது மினரல் ஆயில். பிரேக் ஆயிலை ஒரு சொட்டுக்கூட இதில் விடாதீர்கள், அத்தனை சீலும் ஊறிப் பெருத்துப் போகும். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், நீங்கள் கலக்காதீர்கள்.

டப்பா ஃபில்டர் ஒன்று, காப்பர் வாஷர்கள், திரும்பும் பாதைக்கு ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ், கிளிப். ஓ-ரிங் வாங்கினால் நைட்ரைல் அல்லது வைட்டான். பிரேக்குக்கு வரும் ஈபிடிஎம் ரப்பர் மினரல் ஆயிலில் நிற்காது. பழைய ஓ-ரிங் அமுங்கி உருமாறியிருக்கும், அதனால் பள்ளத்தையும் வெர்னியரால் அளந்து எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம் போனால் கிடைக்கும்.

கருவிகளில் முக்கியமானது பைப் நட்டுக்கான ஃப்ளேர் ஸ்பேனர், அதாவது நட்டைச் சுற்றி ஐந்து முகத்தைப் பிடிப்பது, 11 மி.மீ. முதல் 14 மி.மீ. வரை. சாதாரண ஸ்பேனர் இரண்டு முகத்தை மட்டும் பிடித்து நட்டை உருட்டிவிடும். இதைத் தவிர 2 டன் டிராலி ஜாக்கி, நாலு ஸ்டாண்ட், பின்சக்கரம் ஏற்ற இரண்டு ராம்ப், சக்கரக் கட்டைகள், ஒயர் பிரஷ், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர், காலி பாட்டில்கள், பனியன் வேஸ்ட்.

இடம்

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இடம் கிடைப்பதே பாதி வேலை. சமமான சிமென்ட் தரை வேண்டும். மே மாத வெயிலில் தார் இளகும், ஸ்டாண்டின் கால் மெல்ல உள்ளே இறங்கும். திருவொற்றியூர், எண்ணூர் மணல் தரையில் சொல்லவே வேண்டாம். எங்கே செய்தாலும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் ஒரு அடி சதுரத்தில் தடிமனான பலகை போடுங்கள்.

கடற்காற்று தின்ற வண்டி என்றால் வேலைக்கு இரண்டு நாள் முன்பே எல்லா பைப் நட்டையும் ஒயர் பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. காசிமேடு பக்கம் நிறுத்திவைத்த வண்டியில் நட்டும் பைப்பும் ஒரே உடம்பாகியிருக்கும். நட்டு சுற்றும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கினால் நிறுத்துங்கள். அந்த பைப் போனதுதான், மாற்றுவதற்குத் தயாராகுங்கள்.

அழுத்தத்தை இறக்குதல்

எஞ்சின் நிறுத்தம், முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. பின்பக்கத்தைத் தூக்கி, பாடியின் ஜாக்கி இடங்களில் ஸ்டாண்ட் வைத்து, அதன் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த வண்டியில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதும் அடியில் படுத்து ஆயிலை வடிக்கும் நிப்பிளைத் திறக்கக் கூடாது. ஆயில் வெளியேறியதும் பாடி உங்கள் மேல் இறங்கும்.

லெவலிங் வால்வில் பிரேக் நிப்பிள் போல ஒரு பிளீடர் நிப்பிள் இருக்கும். டியூபை மாட்டி மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திறங்கள். முதலில் பீறிடும், பிறகு ஒழுகும், பிறகு நிற்கும். நின்ற பிறகும் ஐந்து நிமிடம் விட்டு, வால்வின் கைப்பிடியை இரண்டு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். மிச்சம் இருந்தால் வரும். எந்த பைப் நட்டைத் திறந்தாலும் முதலில் துணி போர்த்தி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அரைச் சுற்று மட்டும்.

உருண்டையை மாற்றுதல்

உருண்டைகள் பின்சக்கரத்துக்கு அருகே, பாடிக்கு அடியில், பிராக்கெட்டில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வால்விலிருந்து ஒரு பைப், ஷாக்குக்கு ஒரு பைப். இணைப்பைச் சுற்றி மண் ஒரு துகள்கூட இல்லாமல் துடையுங்கள். இந்த அமைப்பில் வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் பழுது பார்க்கும்போது உள்ளே போன மண்தான்.

இறுகிய நட்டை முதலில் மயிரிழை அளவு இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள், துரு உடையும். கழற்றிய பைப் முனைகளை உடனே ரப்பர் மூடியாலோ சுத்தமான பிளாஸ்டிக் கவரைச் சுற்றியோ அடைத்துவிடுங்கள். துணியால் அடைத்தால் நூல் உள்ளே போகும்.

கழற்றிய உருண்டையைக் கவிழ்த்துப் பாருங்கள். உயிருள்ளதில் திரை வாயோடு ஒட்டியிருக்கும், கொஞ்சம் ஆயில்தான் வரும். செத்தது கனமாக இருக்கும், குடத்தைக் கவிழ்த்தது போலக் குபுகுபுவென்று கொட்டும். உங்கள் நோய் நிர்ணயம் சரியா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வாய் வழியாகக் கம்பி விட்டுக் குத்திப் பார்க்காதீர்கள்.

புது உருண்டையின் மரையில் அதே ஹைட்ராலிக் ஆயிலைத் தடவி, நட்டுகளைக் கையால் கடைசி வரை ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். கையால் மூன்று சுற்று ஏறாத நட்டு மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். பிராக்கெட் போல்ட்டை லூஸாக வைத்துக்கொண்டு பைப்பை முதலில் இறுக்குங்கள், பிராக்கெட்டைக் கடைசியில். 10 மி.மீ. மரையுள்ள பைப் நட்டுக்குப் பொதுவாக 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஒழுகினால் இன்னும் இறுக்கு என்று கை துடிக்கும். அதற்குப் பதில் கழற்றி முகத்தைத் துடைத்துப் பாருங்கள்.

பைப் போயிருந்தால்

இங்கேதான் நம் ஊர்ப் பட்டறைகளில் நிறைய வேலை கெடுகிறது. ஜெர்மன் வண்டியின் பைப் முனை குமிழ் வடிவில் இருக்கும், டிஐஎன் ஃப்ளேர் என்பார்கள். மாருதி போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் இருப்பது உள்பக்கம் மடித்த டபுள் ஃப்ளேர். பிரேக் பைப் போடும் கடையில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கருவிதான். பார்க்க ஒன்று போலத் தெரியும், மரையும் ஏறும், ஆனால் உட்காரும் முகம் வேறு, அழுத்தம் வந்ததும் ஒழுகும். பழைய பைப்பின் முனையை அறுத்து எடுத்துப்போய், "இதே மாதிரி குமிழ் அடித்துத் தர முடியுமா" என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு கடை.

பைப் இரும்பாகவோ காப்பர் நிக்கல் கலவையாகவோ இருக்கலாம். ஏசி கடையில் விற்கும் வெறும் காப்பர் பைப் கூடாது. அழுத்த ஹோஸ் என்றால் கம்பி வலை போட்ட ஹைட்ராலிக் ஹோஸை மெஷினில் கிரிம்ப் செய்ய வேண்டும், அதற்குப் பாரிமுனைப் பக்கத்து ஹைட்ராலிக் கடைகள். கிளிப் போட்டு இறுக்குவது டப்பாவுக்குத் திரும்பும் பாதைக்கு மட்டும்.

ஆயில் ஊற்றிக் காற்றெடுத்தல்

டப்பாவைக் கழற்றி அடியில் உள்ள சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, புது ஃபில்டர் போட்டு நிரப்புங்கள். பம்ப் ஒரு நிமிடம்கூடக் காலியாக ஓடக் கூடாது. ஆயில்தான் அதற்கு மசகு.

இப்போது வண்டி சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும், பின்சக்கரம் ராம்ப் மேல். ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும் நிலையில் ஷாக்கை நிரப்பக் கூடாது. ஹேண்ட்பிரேக், நியூட்ரல், கட்டை. இணைப்புக் கம்பியை ஆன்டி ரோல் பாரிலிருந்து கழற்றி, கைப்பிடியில் இரண்டு கம்பி கட்டி, ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது உடம்பு அடியில் இருக்க வேண்டாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. பாடி இறங்கும்போது கைப்பிடி எந்தப் பக்கம் போகுமோ அதுதான் நிரப்பும் பக்கம், எதிர்ப்பக்கம் வடிக்கும் பக்கம். கழற்றும் முன்பே குறித்துவையுங்கள்.

நிப்பிளில் நீளமான டியூப் மாட்டிப் பாட்டிலில் விட்டு, அரைச் சுற்று திறந்துவைத்துவிட்டு வெளியே வாருங்கள். ஒருவர் டப்பா பக்கத்தில் ஆயிலோடு நிற்க, எஞ்சினை ஐடிலில் போட்டு நிரப்பும் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். கறுப்பு ஆயில், பிறகு குமிழோடு ஆயில், பிறகு குமிழில்லாத சுத்த ஆயில் வரும். டப்பாவில் அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். சுத்தமானதும் எஞ்சினை நிறுத்தி நிப்பிளை மூடுங்கள். மறுபடி எஞ்சின், நிரப்பும் பக்கம்: பாடி எழும். மேலே போனதும் வடிக்கும் பக்கம்: இறங்கும். இப்படி மூன்று முறை. ஷாக்கில் சிக்கிய காற்று டப்பாவுக்கு வந்து வெளியேறும். இடையில் நுரை அதிகமானால் பத்து நிமிடம் ஓய்வு. பைப்பிலிருந்து கொக்கொக் என்று சத்தம் வருகிற வரை காற்று இருக்கிறது.

உயரமும் அளவும்

எஞ்சினை நிறுத்திக் கம்பியை மாட்டி, ராம்பிலிருந்து இறக்கி, சமதளத்தில் ஐடிலில் விட்டு அளந்து பாருங்கள். சரியான அளவு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளது. வேறுபாட்டை இணைப்புக் கம்பியின் மரையில் திருத்துங்கள், ஒரு தடவைக்கு அரைச் சுற்று. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஒருவர் டிக்கியில் உட்கார்ந்து எழுந்த பிறகு அளக்க வேண்டும், இல்லையென்றால் வால்வு பழைய இடத்திலேயே நிற்கும். இடது வலது வித்தியாசத்தை வால்வால் திருத்த முடியாது. அது ஸ்பிரிங் அல்லது புஷ் கோளாறு.

டப்பாவின் அளவைக் காலி வண்டியில், எஞ்சின் ஐடிலில், பாடி நிலைத்த பிறகு பாருங்கள், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். டிக்கியில் சாமான் இருக்கும்போது அளவு குறைந்துதான் தெரியும். அப்போது நிரப்பினால் சாமானை இறக்கியதும் டப்பா பொங்கி எஞ்சின் மேல் வழியும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளங்களில் ஒரு சுற்று போய் வாருங்கள், அதைவிட நல்ல சோதனைக் கூடம் கிடையாது. ஒரே அசைவில் அடங்க வேண்டும். வந்ததும் எல்லா இணைப்பையும் துடைத்து, காய்ந்த நியூஸ் பேப்பரைச் சுற்றிவைத்து, காலையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். பின்பக்கம் பழைய உயரத்துக்கு எழுந்துவிட்டதால் ஹெட்லைட் கீழே பார்க்கும், அதையும் திருத்த வேண்டும்.

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் வலையையும் படகையும் என்ன பாடு படுத்தியது என்று பார்த்த ஊர் இது. தெருக் கால்வாயில் ஊற்றுவதும் போய்ச் சேரும் இடம் அதுதான். பழைய உருண்டையை இரும்புக் கடையில் போடும்போது உள்ளே கேஸ் அழுத்தம் இருக்கலாம், கேஸ் கட்டரில் வெட்டக் கூடாது என்று வாயால் சொல்லி, அதன் மேலேயே பெயின்ட்டால் எழுதியும் கொடுங்கள்.